பக்கத்தில் நடந்தவர்

தனியாக இருக்க ஆசைப்பட்டு ஒருவர் மலைக்குக் கிளம்பினால் பரவாயில்லை. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், பாலக்காடு என்று நாலா பக்கத்திலிருந்தும் ஊர் மொத்தமும் அதே ஆசையோடு அதே ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்தால் என்ன ஆகும்? முகில்வரை மலையின் அடிவாரம் அன்றைக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. மழை விட்டதும் உச்சிப் புல்வெளி பச்சைப் பட்டு விரித்தது போல இருக்கும். அந்த ஒன்றரை மாதம்தான் அங்கே சீசன். கம்பித் தடுப்புகளுக்குள் வளைந்து வளைந்து நின்ற வரிசை, பேருந்து நிலையத்தையும் தாண்டி ரோட்டில் நீண்டிருந்தது. குழந்தைகள் அழுதன. யாரோ கையில் இருந்த பெட்டியில் பாட்டுப் போட்டார்கள். வேறு யாரோ அதற்குச் சண்டை பிடித்தார்கள்.

"ஏங்க, வீட்டுல பதினோரு பேருன்னு தப்பிச்சு வந்தா, இங்க ஊரே வந்து நிக்குது" என்றாள் இளவேனில்.

"கண்ணாடி கைக்கு வரட்டும் வேனி. அத்தனை பேரும் காணாமப் போயிருவாங்க" என்றான் கௌசிக்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு சீசனில் இந்தப் பாதையில் நெரிசலாகிப் பல பேர் காயம்பட்டார்கள். மலையையே மூடிவிடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் ஒரு கம்பெனி இந்தக் கண்ணாடியோடு வந்தது. ஏகாந்தக் கண்ணாடி என்று பெயர். கூட்டத்தைக் குறைக்க அதனால் முடியாது. கூட்டம் தெரியாமல் செய்ய முடியும். போட்டுக்கொண்டால் மற்றவர்கள் உருவமும் சத்தமும் மறைந்துபோகும். ஒருவர் நிற்கும் இடத்தில் உங்களுக்கு ஒரு பாறையோ புதரோ தெரியும், நீங்கள் தானாக விலகி நடப்பீர்கள். கூட வந்தவர் மட்டும் கண்ணுக்குத் தெரிவார். வெறும் கண்ணாடியால் மனிதர்கள் எவ்வளவு பொறுமைசாலிகளாகிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். தனக்கு முன்னால் யாரும் இல்லை என்று நினைப்பவன் எதற்குத் தள்ளப் போகிறான்?

கல்யாணமான இந்த ஆறு வருடங்களில் இருவரும் தனியாக எங்கும் போனதில்லை. சிங்காநல்லூரில் கூட்டுக் குடும்பம். அத்தை, மாமா, கௌசிக்கின் இரண்டு அண்ணன்மார், அவர்கள் பிள்ளைகள். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் ஐந்தாவது நிமிடம் ஒரு குழந்தை பந்தைத் தேடிக்கொண்டு வரும். அதனால்தான் போன வாரம் கௌசிக் தானாக வந்து, "ஞாயித்துக்கிழமை முகில்வரை போலாமா? நம்ம ரெண்டு பேரு மட்டும்" என்று கேட்டபோது அவளுக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது.

அவளுக்குத் தெரியும், அவன் எதற்காகக் கூப்பிடுகிறான் என்று. தேயிலைச் செடிகளுக்கு வரும் நோய்கள் பற்றி அவள் ஆராய்ச்சி செய்பவள். அசாமில் ஒரு ஆய்வு நிலையத்துக்குத் தலைமையேற்க இரண்டு வருடத்துக்கு அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லியாகிவிட்டது. கௌசிக் மட்டும் வாயே திறக்கவில்லை. போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. சாப்பிட்டான், பவுண்டரி வேலைக்குப் போனான், வந்தான், தூங்கினான். போகாதே என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் கண்ணாடியை மாட்டிவிட்ட பெண், "பாதையில கழட்டாதீங்க. மேல கூடத்துல போய்த்தான் கழட்டணும்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லி அனுப்பினாள்.

மாட்டிய அடுத்த நொடி ஊரே அணைந்தது போல ஆயிற்று. எதிரில் ஈரமான ஒற்றையடிப் பாதை. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர். எங்கோ ஒரு குருவி. பக்கத்தில் கௌசிக், நீலச் சட்டையில், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

"அம்மா இந்நேரம் போன் பண்ணி, பெருங்காய டப்பா எங்கன்னு கேட்டிருக்கணுமே?" என்றான்.

"நான் போனை அணைச்சு வெச்சுட்டேன்."

"அய்யய்யோ! நம்ம வீட்டுல இந்நேரம் போலீசுக்குப் போயிருப்பாங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்தக் கௌசிக்கை அவள் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! நிச்சயம் ஆன புதிதில் போனில் இப்படித்தான் பேசுவான். அவள் ராத்திரியெல்லாம் போர்வைக்குள் சிரிப்பாள்.

பாதை மேலே ஏற ஏற அவன் பேச்சும் வளர்ந்தது. அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டான். தேயிலை இலையில் விழும் அந்தக் கொப்புளம் காற்றில் பரவுமா, நீரில் பரவுமா என்று கேட்டான். அவள் சொல்லச் சொல்ல நடுவில் குறுக்கிடாமல் கேட்டான். ஓரிடத்தில் வழியை மறித்தது போல ஒரு பாறை கிடந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிப் போனார்கள்.

பாதி மலையில் ஒரு சமதளம் வந்தது. அவள் பையிலிருந்து புளிசாதத்தை எடுத்தாள். வறுத்த நிலக்கடலை தூக்கலாகப் போட்டு அவனுக்கென்றே கிளறியது.

"நீ சாப்பிடு கண்ணு. எனக்கு அப்புறம்."

"என்னங்க, புளிசாதம் வேண்டாம்னு சொல்ற ஆளா நீங்க?"

"உன்னைப் பாத்துட்டே இருக்கேன். அது போதும்."

கன்னம் சூடாக, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணு என்று அவன் கூப்பிட்டே நாலைந்து வருடமிருக்கும். தைரியம் வந்தது. நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றை, இந்த மலையில் கேட்காவிட்டால் எங்கே கேட்பது?

"அப்பா ஈரோட்டுல ஆஸ்பத்திரில கெடந்தப்ப, வேலை இருக்குன்னுட்டு நீங்க ஏங்க வரல? அப்பா தினம் கதவையே பாத்துட்டு இருந்தாரு. மாப்பிள்ளை வந்துட்டு இருக்காருன்னு தினம் பொய் சொன்னேன்."

அவன் எதிரில் இருந்த பள்ளத்தாக்கைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"வேலை இருந்துச்சுன்னு சொன்னது பொய் வேனி. உங்கப்பாவ அந்தக் கோலத்துல பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. வந்திருந்தா அழுதிருப்பேன். அவரு முன்னாடி அழறதுக்கு வெக்கப்பட்டேன். என் வெக்கத்துக்கு உன்னைத் தனியா விட்டுட்டேன். அது தப்பு. பெரிய தப்பு. என்னை மன்னிச்சிரு."

இரண்டு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை. சண்டையில் கேட்டிருக்கிறாள், அழுது கேட்டிருக்கிறாள், பேசாமல் இருந்தும் கேட்டிருக்கிறாள். ஒருநாளும் கிடைக்காதது இந்தக் காற்றில் சாதாரணமாகக் கிடைத்துவிட்டது. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா கண்ணு? அசாம் வேண்டாமே. நீ இல்லாத அந்த வீட்டுல எனக்குன்னு யாரும் இல்ல."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே நீங்க" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "நான் போகல. போதுமா? போகல."

எழுந்து இருவரும் மறுபடி நடந்தார்கள். மனசு பஞ்சு போல இருந்தது. நடந்துகொண்டே, பழைய உரிமையில், அவன் தோளில் தலையைச் சாய்த்தாள்.

தோள் இல்லை. கன்னத்தில் பட்டது ஈரமான, சொரசொரப்பான ஒரு துணி. ஒரு பையின் வாரும் அதில் தொங்கிய எவர்சில்வர் டம்ளரும்.

திடுக்கிட்டு விலகினாள். கௌசிக் ஒரு முழ தூரத்தில் சிரித்தபடியே வந்துகொண்டிருந்தான். "பாத்து வேனி" என்றான். அவள் கையை நீட்டினாள். அவன் விலகினான். இன்னும் எட்டிப் பிடித்தாள். விரல்கள் நீலச் சட்டைக்குள் புகுந்து வெளியே வந்தன.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

சத்தம்தான் முதலில் வந்து மோதியது. பிறகு வேர்வை நாற்றம். பிறகு மனிதர்கள். முன்னால், பின்னால், மேல் வளைவில், கீழ் வளைவில், கண் போகிற மட்டும் தலைகள். அடிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். மிதிபட்டு மிதிபட்டு ஒற்றையடிப் பாதை தெருவளவு அகன்று, இரண்டு பக்கமும் புல் செத்து மண் சிவந்துகிடந்தது. அவள் சாய்ந்த பைக்குச் சொந்தக்காரர், காலேஜ் வாத்தியார் மாதிரி ஒருவர், தனக்கு இடதுபுறம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "சொல்லுடா தம்பி, மார்க்கு போனா போகுது" என்று உருகிக்கொண்டே போனார். ஒரு புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள். ஆனால் அவர் இடது பக்கம் திரும்பிக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அந்தம்மா வலது பக்கம் திரும்பி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

கௌசிக் எங்குமே இல்லை.

அவனைத் தேடி அவள் கீழே இறங்கி ஓடினாள். பாறையைச் சுற்றிப் போனார்களே, அந்த இடத்தில், முழங்கால் கிழிந்து ரத்தம் வழிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் கண்ணாடி உடைந்து பக்கத்தில் கிடந்தது. "யாராச்சும் கை குடுங்களேன்" என்று தொண்டை கட்டிப்போய்க் கத்திக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளைச் சுற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் இளவேனிலும் இப்படித்தான் சுற்றிப் போயிருந்தாள். சிரித்துக்கொண்டே.

அந்தப் பெண்ணை அணைத்துத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தபோது, ஆரஞ்சு மேல்சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கம்பெனி ஆள். சட்டையில் ஷெரின் என்று பெயர்.

"ஏங்க்கா கழட்டுனீங்க? ஒருத்தர் கழட்டுனா எனக்குச் சிவப்பு விளக்கு எரியும். இன்னைக்கு இது ஏழாவது" என்று சலித்துக்கொண்டே காயத்துக்குக் கட்டுப் போட்டாள்.

"என் வீட்டுக்காரரு எங்கே? பக்கத்துல வந்தாரு. பேசிட்டே வந்தாரு."

ஷெரின் கையில் இருந்த திரைப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அக்கா, அவரு வேகமா நடந்து போயிட்டாரு. இந்நேரம் உச்சில இருப்பாரு. உங்க கூட வந்தது நிழலு."

"நிழலா?"

"நாங்க அப்படிச் சொல்லுவோம். ஒருத்தர் வேகமா நடப்பாரு, ஒருத்தர் மெதுவா நடப்பாங்க. அதனால வீட்டுக்கு வீடு சண்டை. அதுக்காகக் கொண்டுவந்தது. அவரு எங்க இருந்தாலும் உங்களுக்குப் பக்கத்துல தெரிவாரு."

"பேசினது? பேசினது அவருதானே? எங்கிருந்தாவது பேசினாருதானே?"

ஷெரின் கட்டின் முடிச்சைத் தேவைக்கு மேல் இறுக்கினாள். "அதுல ரெண்டு விதம் இருக்குக்கா. சில பேரு அவங்களே பேசுவாங்க. சில பேரு... பேச்சையும் நிழலே பாத்துக்கட்டும்னு விட்டுருவாங்க."

"இவரு?"

"முதல் வளைவுலயே விட்டுட்டாரு."

இளவேனில் உட்கார்ந்துவிட்டாள். காலேஜ் பையன் ஒருவன் அவளைச் சுற்றிக்கொண்டு, காற்றிடம், "நீ இல்லாட்டி நான் செத்துருவேன்டி" என்று சொல்லிப் போனான்.

"கண்ணாடியப் போட்டுக்கோங்கக்கா. அது பாட்டுக்குப் பேசும். நிறைய பேருக்கு இது தெரியாமலே எறங்கிப் போறாங்க. சந்தோஷமாத்தான் போறாங்க."

"நான் போடாட்டி?"

"உங்க இஷ்டம். ஆனா அவரு எறங்கும்போது சேந்து போற மாதிரி கண்ணாடில வெச்சிருக்காரு. நீங்க கழட்டுனா, அவருக்கு உங்க நிழலு வந்துரும். இல்லேன்னா ஆளக் காணோம்னு கூச்சல் போடுவாங்க, கூட்டம் நெரிஞ்சிரும். அதனால அப்படி வெச்சிருக்கு" என்றாள் ஷெரின். பலகையில் இன்னொரு சிவப்பு விளக்கு எரிய, அவள் மேலே பார்த்து ஓடினாள்.

இளவேனில் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி மிச்ச மலையை ஏறினாள். இடித்தார்கள், இடிபட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

உச்சியில் தகரக் கூரை போட்ட கூடம். அங்கேதான் எல்லோரும் கண்ணாடி கழற்றி, டீ குடித்து, பஜ்ஜி தின்று, கைகால் நீட்டினார்கள். கௌசிக் ஒரு தூணில் சாய்ந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்டை நீலம்தான். ஆனால் வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தான்.

"வந்துட்டியா! எப்பிடி இருந்துச்சு? எனக்குத் தகவல் வந்துருச்சு. ரொம்ப தேங்க்ஸ் வேனி."

"என்ன தகவல்?"

"நீ போகலேன்னு ஒத்துக்கிட்டியாமே."

அவள் அவனையே பார்த்தாள். "யாரு கிட்டங்க ஒத்துக்கிட்டேன்?"

அவனுக்குப் புரிந்தது. பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்தான். "கோவப்படாத. நான் பேசினா சண்டைலதான் முடியும். ஆறு வருஷமாப் பாக்கறோமில்ல? போகாதேன்னு சொல்லணும்னு பத்து நாளா நெனைக்கிறேன். வாய் வர மாட்டேங்குது. இது நல்லா, மனசு நோகாமப் பேசும்னாங்க. வீட்டப் பத்தி, உன்னைப் பத்தி நூறு கேள்வி கேட்டுச்சு. போன வாரமே உக்காந்து எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். உனக்கு என்ன பிடிக்கும், எதுக்குச் சிரிப்ப, எப்படிக் கூப்பிட்டாப் பிடிக்கும்னு. சும்மா விட்டுட்டுப் போகல, தெரிஞ்சுக்க."

"நூறு கேள்விக்கு அதுகிட்ட பதில் சொன்னீங்களா?"

"சொன்னேன்டா. எனக்காகத்தானே சொல்லுச்சு அது? நான் நெனச்சதைத்தானே சொல்லுச்சு?"

ஒரு நிமிடம் அவளுக்கு மனசு இளகத்தான் பார்த்தது. பேசத் தெரியாத மனுஷன், பேசத் தெரிந்த ஒன்றைத் தூது அனுப்பியிருக்கிறான். அந்தக் காலத்தில் மேகத்தையும் அன்னத்தையும் அனுப்பவில்லையா? சொன்ன விதம் கடனாக வாங்கியது. சொன்ன விஷயம் அவனுடையதுதானே? அவள் மெல்லக் கேட்டாள்.

"நான் அழுதேன், அதுவும் தகவல்ல வந்துச்சா?"

"வந்துச்சு. நீ சந்தோஷத்துல அழுதேன்னு இருந்துச்சு."

"அப்பாவப் பத்திப் பேசினோம். அதனாலதான் அழுதேன்."

கௌசிக் புருவத்தைச் சுருக்கினான். "எங்கப்பாவா? அவரு என்ன சொன்னாரு?"

கூடத்தின் சத்தமெல்லாம் தூரத்தில் போய்விட்டது போல இருந்தது அவளுக்கு.

"எங்கப்பாங்க."

"உங்கப்பாவா?" அவன் உண்மையாகவே யோசித்தான். கண்ணில் கள்ளமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "மாமாவுக்கு என்ன இப்ப? நல்லாத்தானே இருக்காரு? அவரப் பத்தி அது கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்லையே. எதாச்சும் தப்பாச் சொல்லிடுச்சா?"

"இல்ல. தப்பா ஒண்ணும் சொல்லல. ரொம்ப சரியாச் சொல்லுச்சு."

அந்த மன்னிப்பை யார் கேட்டது? அந்த நிழல் அவள் கேட்ட விதத்தைப் பார்த்து, அவள் என்ன கேட்க ஏங்குகிறாள் என்று அளந்து, அவள் வாயிலிருந்தே எடுத்து அவளுக்கே ஊட்டியிருக்கிறது. பயந்தது, வெட்கப்பட்டது, தப்பு என்று உணர்ந்தது எதுவும் இவன் இல்லை. அந்த வார்த்தைக்காகத்தான் அவள் அசாமை விட்டாள்.

இருந்தாலும் பெண் மனசு ஒரேயடியாகக் கதவைச் சாத்துவதில்லை. கடைசியாக ஒரு தடவை கேட்டாள்.

"சரி. அது சொன்னது போகட்டும். இப்ப நீங்க சொல்லுங்க. உங்க வாயால. என்னைப் போக வேண்டாம்னு எதுக்குச் சொல்றீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

கௌசிக் வாயைத் திறந்தான். பின்னால் ஒரு குடும்பம், "சார், கொஞ்சம் நவுருங்க, உக்காரணும்" என்று பாயை விரித்தது. ஒரு குழந்தை அவன் காலை மிதித்துக்கொண்டு ஓடியது. அவன் சுற்றிலும் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"இத்தனை பேரு மத்தியிலயா? என்ன வேனி நீ? கீழ போயி ஆற அமரப் பேசிக்கலாம். கூட்டம் தாங்கல, தலை வலிக்குது. வா, எறங்கிட்டே பேசலாம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

மாட்டியதும் அவன் நெற்றிச் சுருக்கங்கள் மறைந்துபோயின. தோள் தளர்ந்தது. இளவேனில் அவனுக்கு வலது பக்கம் நின்றிருந்தாள், கண்ணாடி அவள் கையில் இருந்தது. அவன் இடது பக்கம் திரும்பினான்.

"கோவமா?" என்று கேட்டான். காத்திருந்தான். பதில் வந்திருக்க வேண்டும், முகம் தெளிந்தது. "அப்பாடா. நீ புரிஞ்சுக்குவேன்னு எனக்குத் தெரியும்."

"ஏங்க" என்று கூப்பிட்டாள். அவன் காதில் விழவில்லை.

இறங்கும் பாதையில் முதல் படிகள் பாசி பிடித்துச் செங்குத்தாக இருந்தன. அவன் இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பி, கையை நீட்டினான். "பிடிச்சுக்கோ. வழுக்கும்."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஒருவர் மெதுவாக இறங்கி முடிக்கும் நேரம்வரை அப்படியே வைத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை. ஆறு வருடத்தில் எந்தப் படியிலும், எந்த பஸ்ஸிலும் அவன் அவளுக்குக் கை கொடுத்ததில்லை. எட்டினால் பிடித்துவிடலாம், அவ்வளவு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவன் முகத்தில் இருந்த கனிவைப் பார்த்தபோது, அது யாருக்கு என்பது சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

அவள் ஓரமாக ஒதுங்கி, போனை உயிர்ப்பித்து, அசாமுக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். வருகிறேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது கூட்டம் அவனைப் பாதி விழுங்கியிருந்தது. நீலச் சட்டை மட்டும் வளைவில் தெரிந்தது. பக்கத்தில் வந்தவள் என்னவோ சொன்னாள் போலிருக்கிறது. கௌசிக் தலையைப் பின்னால் சாய்த்து, மனசு விட்டுச் சிரித்தான்.

தான் என்ன சொல்லி அவனை அப்படிச் சிரிக்க வைத்தோம் என்று இளவேனிலுக்குத் தெரியவில்லை.